பூஜைல வச்ச பல்லு

1

நாளான்னிக்கு ஆயுத பூஜை. செஞ்சில இந்நேரம் பொரி மூட்டையும் பூசணிக்காயும் பாதி ரோட்ட அடைச்சிக்கினு இருக்கும். பஸ்ஸு ஆரன் அடிச்சா பூசணிக்கா விக்கிறவன் திரும்பிக்கூட பாக்க மாட்டான். இங்க ஆஸ்திரேலியாவுல அது ஒரு நாளே இல்ல. லீவு கெடையாது, பொரி கெடையாது. பொரி வேணும்னா பெர்த்துல இருக்குற இந்தியா கடைக்குப் போவணும். அங்க பாக்கெட்டுல இருக்குற பொரிய வாயில போட்டா, அது நம்மள மெல்லுது.

என்னைத் தெரியாதவங்க இருப்பீங்க. செஞ்சில ஒத்த பொக்லைன் மிசின் வச்சி கெணறு எடுத்துக்கினு இருந்தாரே ஒருத்தரு, வெத்தல போட்டு செவந்த வாயோட, அவரு பொண்டாட்டி நானு. மிசின்காரம்மான்னு கூப்புடுவாங்க. அவரு போனதுக்கு அப்பால என் மவன் ஏழுமல என்னை இங்க இட்டாந்துட்டான். இட்டார்றதுக்கு அவன் பட்ட பாட்ட சொன்னா தனியா ஒரு கத ஆவும். விசா ஆபீசுல, நான் அவனைப் பெத்தவதான்னு ருசு கேட்டாங்க. ரெண்டு பேரு மூக்கையும் ஒண்ணா போட்டோ எடுத்து அனுப்புடான்னு சொன்னேன். அது செல்லாதாம். பொறந்த சர்ட்டிபிகேட்டுதான் செல்லுமாம். மூக்கு பொய் சொல்லாது, சர்ட்டிபிகேட்டுதான் சொல்லும். இது இன்னும் அவங்களுக்குத் தெரியல.

நான் படிச்சது மூணாவது. அதுலயும் பாதிதான். மீதிக்கு மாடு கூப்புட்டுச்சு, போயிட்டேன். அதனால இத எழுதல, போன்ல பேசுறேன். அதுவே எழுத்தா போட்டுக்குது. தப்பு இருந்தா போனைத் திட்டுங்க, நல்லா இருந்தா என்னைச் சொல்லுங்க.

போன வருசம் ஆயுத பூஜை அன்னிக்கு எங்க வூட்டுல நடந்தத சொல்லணும்னு ஒரு வருசமா நாக்கு அரிச்சிக்கினு இருக்குது. ஏழுமல வேலைக்குப் போயிருக்கான். சொல்லிடறேன்.

2

மொதல்ல பல்லப் பத்தி சொல்லணும். சிரிக்காதீங்க. என் பல்ல பத்தி இல்ல, அந்த தமாசு எல்லாம் எங்க தெருவுல முன்னாலயே போட்டு முடிச்சிட்டாங்க.

பொக்லைனு மண்ண வார்ற பக்கெட்டு முன்னால வரிசையா பல்லு இருக்குதே, அது பக்கெட்டோட கூடப் பொறந்தது இல்ல. பக்கெட்டுல மூக்கு மாதிரி நீட்டிக்கினு இருக்கும். அந்த மூக்கு மேல பல்ல தொப்பி கணக்கா மாட்டி, குறுக்கால ஒரு பின்ன அடிச்சா நிக்கும். அந்தப் பின்னு நழுவாம இருக்க ஒரு லாக்கு. அவ்ளோதான் வேல. பல்லு தேயும். தேயத்தான் அது பொறந்துச்சு. தேயக்கூடாதது உள்ள இருக்குற மூக்கு. பல்லு ஓட்ட விழுற வரைக்கும் ஓட்டிட்டா, அப்பால மண்ணு மூக்கத் திங்கும். மூக்கு போச்சுன்னா அத அறுத்து எடுத்து, புதுசா வெல்டிங் வச்சி, மிசினு நின்னு, மனுசனும் நின்னு, அடுப்பும் நின்னுடும்.

எந்த மண்ணு எவ்ளோ திங்கும்னு எங்களுக்கு வாயிலயே இருக்கும். பனமல ஏரில வண்டல் வாருனா பல்லு வெண்ணெயில போற மாதிரி போவும், மினுமினுன்னு ஆயிடும், தேயாது. செஞ்சி மலையோரம் கெணறு எடுத்தாக்கா, புதுப் பல்லு மொட்ட வெரலு ஆயிடும். கோட்ட கட்டுன ராசாவுக்கு அந்தக் கல்லு நல்ல கல்லு. எங்களுக்கு சனியன். ஓரத்துப் பல்லு சீக்கிரம் தேயும், நடுப்பல்லு மெதுவா தேயும். அதனால நடுவுல இருக்குறத ஓரத்துக்கு மாத்தி, ஓரத்துல இருக்குறத நடுவுக்குப் போட்டு, எல்லாத்தையும் ஒண்ணாக் கெழவி ஆக்கணும். எங்க வூட்டுக்காரரு இத மட்டும் செய்ய மாட்டாரு. "இன்னும் ஒரு கெணறு ஓடும்"னுவாரு. அந்தக் கெணறுலதான் மூக்கு போவும்.

பல்லு வாங்க மெட்ராசுக்கு நான்தான் போவேன். அவரு போனா சினிமா பாத்துட்டு வந்துடுவாரு. ஒருக்கா கோணியில பல்ல போட்டுக் கட்டிக்கினு திரும்பறேன், அன்னிக்குன்னு பாத்து அமாவாச. ஏறுன பஸ்ஸு மேல்மலையனூரு ஸ்பெசலு. நிக்கக் கூட எடமில்ல. கோணிய காலுக்கு நடுவுல வச்சிக்கினு கம்பியப் புடிச்சிக்கினு வர்றேன். பக்கத்துல ஒரு அம்மா, கையில எலுமிச்சம்பழ மால. கோணியத் தொட்டுப் பாத்துட்டு, இரும்பா, வேண்டுதலான்னு கேட்டுச்சு. நானும் ஆமான்னு சொல்லிட்டேன். வேற இன்னா சொல்றது, கெணத்துக்குன்னா எடம் குடுக்குமா? ஒடனே எந்திரிச்சி எடம் குடுத்துச்சு. அங்காளம்மனுக்கு இரும்பு கொண்டு போறாங்கன்னு பேச்சு பஸ்ஸு முன்னால வரைக்கும் போயி, ஆளாளுக்கு குனிஞ்சி கோணியத் தொட்டு கண்ணுல ஒத்திக்கினாங்க. கண்டக்டரு லக்கேஜி கேக்கல. செஞ்சில நான் எறங்குனப்ப அந்த அம்மா, கோயிலு இன்னும் வரலியேன்னு பதறுச்சு. எங்க அம்மா இங்கயே எறங்கிக்குவான்னு சொல்லிட்டு கோணிய தலையில ஏத்திக்கினேன். அந்த செட்டு பல்லுதான் எங்ககிட்ட இருந்ததுலயே ரொம்ப நாளு ஒழச்சிச்சு. பஸ்ஸே கும்புட்ட பல்லு.

3

இப்ப இங்க. ஏழுமலைக்கும் ஒத்த மிசின்தான். ஆனா அப்பன் மிசினு மாதிரி ரெண்டு இருக்கும் அளவு. பெர்த்துக்குக் கிழக்கால மலையில ஒரு கல்லு குவாரி. அங்க வெடி வச்சி ஒடச்ச கல்ல இவன் மிசினு வாரி லாரில போடும். லாரி கொண்டு போயி கிரஷரு வாயில கொட்டும். கல்ல பாத்தேன் ஒரு நாளு, போட்டோல. அதே செஞ்சிக் கல்லு. கடல் தாண்டி வந்தும் அந்த சனியன் எங்கள விடல.

மருமவ விஜி முதியோர் இல்லத்துல வேல. வூட்டுல இருக்குற கெழவிய வுட்டுட்டு வேற கெழவிங்களப் பாத்துக்க சம்பளம் வாங்குறா. பேத்தி மதி காலேஜி படிக்குது. நான் தமிழ்ல கேட்டா அது இங்கிலீசுல பதில் சொல்லும். ரெண்டு பேரும் நடுவுல எங்கயோ சந்திச்சிக்குவோம். பூஜ ரூமுல வௌக்கு ஏத்த கூப்புட்டா, "ஆயா, ரெண்டு நிமிசம்"னும். அந்த ரெண்டு நிமிசம் போன பொங்கலுக்கு ஆரம்பிச்சிது, இன்னும் முடியல.

அவ அப்பன் நேரெதிரு. செஞ்சில இருந்த வரைக்கும் அமாவாச எப்பன்னு அவனுக்குத் தெரியாது. விரத நாள்ல மீன் கொழம்பு கேட்ட பையன். இங்க வந்ததுக்கு அப்பால ஒரு சாஸ்திரம் வுட மாட்டான். ஊர்ல இருக்குறவங்க கூட மறந்து போனத எல்லாம் போன்ல தேடிப் புடிச்சி செய்வான். மண்ண வுட்டு வந்தவன் சாமிய இறுக்கிப் புடிச்சிக்கினான். நான் ஒண்ணும் சொல்றதில்ல, வடைக்கு ஊறப் போடுறதோட சரி.

ஆயுத பூஜைன்னா ஊர்ல இன்னா செய்வோம்? மிசின தண்ணி ஊத்திக் கழுவி, வூட்டு முன்னால நிறுத்தி, வாழக்கன்னு கட்டி, பல்லுக்கு பல்லு சந்தனம் குங்குமம் வச்சி, பூசணிக்கா ஒடைப்போம். அன்னிக்கு இரும்பத் தட்டக்கூடாது. மறு நாளு மறுபூஜ போட்டுட்டுதான் சாவியத் தொடணும். மிசினுக்கு லீவு, ஆளுக்கு லீவு, ஸ்பானருக்குக் கூட லீவு.

இங்க மிசின வூட்டுக்குக் கொண்டார முடியாது. குவாரிக்குள்ள போயி பூசணிக்கா ஒடைக்க முடியாது, அதுக்கு நாலு பேரு கையெழுத்து வேணும். அதனால ஏழுமல ஒரு வழி கண்டுபுடிச்சான். புதுசா வாங்கி வேன்ல போட்டு வச்சிருந்த பல்லு செட்டையும் பின்னையும் எறக்கி, பூஜ ரூமுல பலகை மேல வரிசையா வச்சான். மிசினு வர முடியலன்னா அதோட பல்லாவது வரட்டும்னு. பாக்க நல்லாதான் இருந்துச்சு. லட்சுமி படத்துக்கு முன்னால பல்ல இளிச்சிக்கினு.

அன்னிக்கு விடியக்காலம் பூஜ முடிஞ்சிச்சு. அவன் வேலைக்குக் கெளம்புறான். முந்தின நாளு சாயங்காலமே, ஓரத்துப் பல்லுல லாக்கு ஆடுது, பல்லும் தேஞ்சி போச்சு, காலைல மொத வேலையா மாத்தணும்னு சோறு துன்னுக்கினே சொல்லிக்கினு இருந்தவன். நான் கேட்டேன், ஏன்டா, அந்த ஓரப்பல்ல மாத்த ஒண்ண எடுத்துக்கினு போவலியான்னு.

"பூஜைல வச்சத நாளைக்குதான்மா எடுக்கணும்."

ஒண்ணே ஒண்ண எடுத்துக்கோ, மீதி சாமி பாத்துக்கும்னு சொன்னேன். சாமி எண்ணிப் பாக்காதுன்னும் சொன்னேன். அவன் கேக்கல. ஷூ லேசு கட்டிக்கினே, "இன்னிக்கு ஒரு நாளு ஓடும்"னான். அப்பன் கொரலு அப்டியே. எனக்கு ஒரு நிமிசம் வெத்தல வாசனையே வந்துச்சு.

அவன் போனதுக்கு அப்பால, அந்த பல்லு வரிசையப் பாத்துக்கினு குந்திக்கினு இருந்தேன். ஊர்ல பல்லுக்கும் லீவு, மிசினுக்கும் லீவு. இங்க பல்லுக்கு மட்டும் லீவு. மிசினு ஓடிக்கினு இருக்குது.

4

மத்தியானம் போன் வந்துச்சு. மதி எடுத்து ஸ்பீக்கர்ல போட்டுச்சு. அவ அப்பன் அவசரமா பேசுனா செஞ்சி பாஷ கொட்டும், அதுக்கு பாதிதான் புரியும். மீதிய நான் சொல்லணும்.

பூஜைல இருந்து ஒரு பல்லும் ஒரு பின்னும் எடுத்துக்கினு குவாரி கேட்டாண்ட வரச் சொன்னான் மதிய. சாப்பாட்டு நேரத்துல வந்து வாங்கிக்கறேன்னான். கொரலு பொத்துனாப்புல இருந்துச்சு. வாய கையால மூடிக்கினு பேசுறான்னு தெரிஞ்சிது. பின்னால கிரஷரு சத்தம், கொடகொடகொடன்னு.

விழுந்துச்சான்னு கேட்டேன். விழுந்துடுச்சு. எங்க, தெரியல. எப்ப, தெரியல. பக்கெட்டத் தூக்குறப்ப பாத்தா ஓரம் பொக்கையா இருந்துச்சாம். மிசின சுத்தி, கல்லு குவியல்ல எல்லாம் தேடிட்டான். இல்ல. அதுக்கு முன்னால சில லோடு கிரஷருக்குப் போயிடுச்சு.

ஊர்ல பல்லு விழுந்தா பல்லோட போச்சு. ஒருக்கா பனமல ஏரில விழுந்து, மறு வருசம் ஒரு ஆளு டிராக்டரு ஏருல மாட்டி, தூக்கிக்கினு வூட்டுக்கே வந்துட்டாரு. உம்ம பல்லு என் கலப்பையக் கடிச்சிடுச்சின்னு சண்ட. காப்பி போட்டுக் குடுத்து, கலப்பைய வெல்டிங் வச்சிக் குடுத்து அனுப்புனோம். இங்க அப்டி இல்ல. கல்ல நொறுக்குற வாயில இரும்புப் பல்லு போயி மாட்டுனா நொறுங்காது. ஒண்ணு கிரஷரு ஒடையும், இல்லன்னா அந்தப் பல்லு குண்டு மாதிரி வெளில பாயும். இரும்பப் புடிக்க காந்தம் வச்சிருக்காங்க, ஆனா அது மொத கிரஷரு வாயத் தாண்டி அப்பால. இதெல்லாம் ஏழுமலதான் எனக்கு ஒரு நாளு சோறு துன்னுக்கினே சொன்னான். அதனாலதான் பல்லு காணோம்னா அந்த நிமிசமே சொல்லி கிரஷர நிறுத்தணும். அது அங்க சட்டம்.

"சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

அதுக்குமேல அவன் சொன்னத நானே சொல்லிடறேன். போன மாசம் இவன் மிசினு எண்ணெய் பைப்பு வெடிச்சி, வேல நின்னு போச்சு. மேனேஜரு அன்னிக்கே சொல்லிட்டாரு, இனிமே உன் மிசினால என் கிரஷரு நின்னா மிசின எடுத்துக்கினு போயிடுன்னு. இப்ப நிறுத்தச் சொன்னா எடம் போயிடும். யாரும் இன்னும் பாக்கல. புதுப் பல்ல மாட்டிட்டா வரிசை நேரா ஆயிடும். அங்க இன்னொரு ஆளு மிசினும் ஓடுது. அப்பால பல்லு கெடச்சாலும் யாரு பல்லுன்னு யாருக்குத் தெரியும்.

எனக்குக் காது சூடாயிடுச்சு. ஆனா கோவமா பேசுனா என் புள்ள காதுல ஏறாது, அது எனக்குத் தெரியும். கிண்டலாதான் ஏறும்.

"ஏன்டா, காலைல எடுக்கக்கூடாதுன்ன சாமி, இப்ப எடுக்கலாம்னு சொல்லிச்சா?"

"அம்மா, இப்ப வெளாடாத."

"நான் வெளாடல. பலகைக்கு முன்னால சம்மணம் போட்டு குந்திக்கினு இருக்கேன். அந்த சத்தம் நிக்கிற வரைக்கும் இங்கேர்ந்து ஒரு பல்லு எந்திரிக்காது."

அவன் கெஞ்சுனான். என் புள்ள கெஞ்சி நான் கேட்டு ரொம்ப வருசம் ஆச்சு. இந்த எடம் போச்சுன்னா மிசினு நின்னுடும்மா, நின்னா நாம எல்லாரும் நின்னோம்னான். எனக்குத் தெரியாதா? மழக்காலத்துல செஞ்சில மிசினு நின்னா எங்க வூட்டுக்காரரு அது கூட சேந்து நிப்பாரு, வெறுமனே, மிசினு மேல கைய வச்சிக்கினு, மாட்டுக்கு ஒடம்பு சரியில்லாத மாதிரி. அந்த நிப்பு எனக்குத் தெரியும். ஆனாலும் நான் எந்திரிக்கல. முட்டி வலி வேற. குந்துனா குந்துனதுதான்.

அப்பதான் மதி பேசுச்சு. அதுவரைக்கும் போன கையில ஏந்திக்கினு என் மூஞ்சிய பாக்கறதும் போனப் பாக்கறதுமா இருந்துச்சு. பாதிதான் புரிஞ்சிருக்கும். அந்தப் பாதி போதுமா இருந்துச்சு போல. இங்கிலீசுல கேட்டுச்சு. எனக்கே புரியற இங்கிலீசு.

"டாட், கிரஷர்கிட்ட இப்ப யாரு நிக்கறாங்க?"

அந்தப் பக்கம் சத்தம் மட்டும் வந்துச்சு. கொடகொடகொட.

"ஜோஜோ"ன்னான் ஏழுமல.

ஜோஜோ பிலிப்பைன்ஸ்காரரு. இவன் கூட குந்தி சாப்புடுறவரு. அவரு கருவாடு கொண்டாருவாரு, இவன் நான் பண்ண ஊறுகாய கொண்டு போவான், ரெண்டு நாத்தமும் சேந்து அந்தப் பக்கமே எவனும் வர மாட்டான்னு சிரிப்பான். கிரஷரு வாயில கல்லு மாட்டுனா கம்பி வச்சி தள்ளி விடுறது ஜோஜோ வேல. வாய்க்கு நேரா நிக்கறவரு.

அவரு பேர வாயால சொன்னதுக்கு அப்பால ஏழுமலையால நிக்க முடியல. போன வைக்காமயே நடக்குறான். கல்லு மேல பூட்சு சத்தம் கேட்டுச்சு. நட வேகமாச்சு, அப்பால ஓட்டமாச்சு. வயர்லெஸ்ஸு கரகரன்னுச்சு. அவன் இங்கிலீசுல கத்துனான். "ஸ்டாப்" மட்டும் எனக்குப் புரிஞ்சிது. ரெண்டு மொற கத்துனான்.

கிரஷரு ஒடனே நிக்காது. கெழவன் இருமற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா தான் அடங்கும். மதியும் நானும் போன பாத்துக்கினே இருந்தோம். மதி என் கையப் புடிச்சிக்கினு இருந்துச்சு, எப்ப புடிச்சிச்சின்னு தெரியல. கடசி கொடக்கு அடங்குச்சு. அந்தப் பக்கம் எங்கயோ ஒரு காக்கா கத்துச்சு. ஆஸ்திரேலியா காக்கா, கொழந்த அழுவற மாதிரி கத்தும்.

"நிறுத்திட்டாங்கம்மா"ன்னான்.

"எடுத்தாரோம்"னேன்.

மதி பலகைக்குக் கிட்ட போயி நின்னுக்கினு, ஆயா தொடலாமான்னு கேட்டுச்சு. சாமிகிட்ட நான் பேசிட்டேன், தூக்குன்னேன். தூக்கிட்டு, இவ்ளோ கனமான்னுச்சு. உங்க அப்பன் சோறு அதுதான், கனமாதான் இருக்கும்னு சொன்னேன்.

5

குவாரி கேட்டுல என்னை உள்ள வுடல. ஹெல்மெட்டு வேணும், பூட்சு வேணும், மினுக்குற சட்ட வேணும், ஒரு வீடியோ பாத்துட்டு பரிட்ச எழுதணும். நான் ரப்பர் செருப்பும் சுங்குடி சேலையுமா நிக்கிறேன். கேட்டுல ஒரு வெள்ளக்காரப் பொண்ணு, நல்ல பொண்ணுதான், என்னமோ கேட்டுச்சு. எனக்குப் பேசத் தெரிஞ்ச ஒரே இங்கிலீசு "ஐ மதர்". விசா ஆபீசுலயும் அதுதான், டாக்டருகிட்டயும் அதுதான், பஸ்ஸுலயும் அதுதான். அந்தப் பொண்ணு ஒரு நாற்காலி எடுத்தாந்து போட்டு, தண்ணி பாட்டில் குடுத்துச்சு. நம்ம ஊரு கேட்டா இருந்தா, மதருன்னா இன்னா, பாதருக்கு போன் போடுன்னுருப்பான்.

கேட்டாண்டயிருந்து பாத்தா தூரத்துல எறும்பு மாதிரி தெரிஞ்சாங்க. கிரஷருக்கு முன்னால கொட்டி வச்ச கல்ல இன்னொரு மிசினு மெதுவா இழுத்துப் பரப்புது. சுத்தி நின்னுக்கினு எல்லாரும் குனிஞ்சி பாக்குறாங்க. ஏழுமல எதுன்னு எனக்குத் தெரியும், குனியறப்ப இடுப்புல கைய வச்சிக்கினு குனியறவன். நடவுக்குப் போனவ பெத்த புள்ள.

ரொம்ப நேரம் ஆச்சு. லாரிக்காரங்க எல்லாம் இஞ்சின அணைச்சிட்டு எறங்கி சிகரெட்டு புடிச்சாங்க. ஒரு குவாரியே நின்னுக்கினு இருக்குது, என் புள்ளையால. மதி காருக்கும் கேட்டுக்கும் நடந்துக்கினே இருந்துச்சு. கண்டுபுடிக்கலன்னா இன்னா ஆயான்னு கேட்டுச்சு. கண்டுபுடிக்கிற வரைக்கும் தேடுவாங்கன்னேன். வேற இன்னா சொல்றது.

கடசில பரப்புன கல்லுல இல்ல. ஜோஜோதான் பாத்தாரு. கிரஷரு வாய்க்கு கல்ல தள்ளிக் குடுக்குற தட்டுல, ரெண்டு பெரிய கல்லுக்கு நடுவுல, வாய்க்கு ஒரு மொழத்துல கெடந்துச்சாம். மொட்டையா, தேஞ்சி, அழகு கெட்டு. அவருதான் எறங்கி எடுத்தாரு. எடுத்து ஏழுமல கையில குடுத்துட்டு, போயி தண்ணி குடிச்சாராம்.

மேனேஜரு ஏழுமலைய கேட்டாண்ட இருக்குற ஆபீசுக்கு இட்டாந்தாரு. கதவு தெறந்துதான் இருந்துச்சு. மதி எனக்கு ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லிச்சு. அது தமிழ்ல அவ்ளோ பேசி நான் அன்னிக்குதான் கேட்டேன். லாக்கு ஆடுனது முன்னாலயே தெரியுமான்னு மேனேஜரு கேட்டாரு. தெரியும்னான் ஏழுமல. அப்பறம் ஏன் மாத்தல? பல்லு கையில இல்ல. எங்க இருந்துச்சு? வூட்டுல. வூட்டுல ஏன்?

ஏழுமல பொய் சொல்லிருக்கலாம். மறந்துட்டேன்னா முடிஞ்சிது. பூஜைல இருந்துச்சின்னான்.

மேனேஜரு பேனாவ தூக்கிக்கினே நின்னுட்டாரு. பேப்பர்ல, பல்லு மாத்தாததுக்கு என்னா காரணம்னு எழுத ஒரு கட்டம் இருக்குதாம். அதுல பொருள் கெடைக்கல, ஆள் இல்ல, நேரம் இல்லன்னு எல்லாம் அச்சடிச்சி இருக்குது, டிக்கு அடிச்சா போதும். பல்லு சாமி கும்புட்டுக்கினு இருந்துச்சின்னு ஒரு கட்டம் இல்ல. பாவம், ரொம்ப நேரம் யோசிச்சிட்டு கையால எழுதுனாரு. இன்னா எழுதுனாருன்னு கடசி வரைக்கும் தெரியல.

அப்பால ரெண்டு சேதி சொன்னாரு, ஒரே மூச்சுல. மொத சேதி, சொன்னதுக்கு நன்றி, நீ சொல்லலன்னா ஜோஜோ இன்னிக்கு வூட்டுக்குப் போயிருக்க மாட்டாரு. ரெண்டாவது சேதி, நாளைக்கு மிசின எடுத்துக்கோ.

ரெண்டும் சரிதான். நான் மேனேஜரா இருந்தாலும் ரெண்டையும் சொல்லிருப்பேன். அதுதான் எரிச்சலு, கோவப்படக் கூட ஒரு ஆளு கெடைக்கல.

வூட்டுல விஜி சேதி கேட்டுட்டு, சுண்டல சூடு பண்ணி தட்டுல போட்டா. ஏழுமல மொத்தத்தையும் துன்னான். அழுவறவன் துன்ன மாட்டான், இவன் துன்றான், அப்ப சரியாயிடுவான்னு எனக்குள்ள ஒரு கணக்கு.

6

மறு நாளு விஜயதசமி. விடியக்காலம் அவனே எந்திரிச்சி குளிச்சி, மறுபூஜ போட்டு, கற்பூரம் காட்டிட்டு, மதி திருப்பிக் கொண்டாந்ததையும் பலகைல இருந்த பல்லு எல்லாத்தையும் எடுத்து வேன்ல வச்சான். அதுங்களோட சேத்து பின்னு, லாக்கு, சம்மட்டி. விஜி வாசல்ல நின்னுக்கினு கேட்டா, மிசின எடுக்கதானே போற, இதெல்லாம் எதுக்குன்னு. நானும் வர்றேன்னு வேன்ல ஏறிக்கினேன். மதி காலேஜிக்குப் போவல. அதுவும் ஏறிக்கிச்சு. ரெண்டு நிமிசம்னு சொல்லல.

மிசினு குவாரிய வுட்டு தானா நடந்து வெளில வந்துச்சு. செயின் பட்டை தடதடன்னு. ஏத்திக்கினு போற ட்ரைலரு ரோட்டோரம் நின்னுக்கினு இருந்துச்சு. ஏழுமல ஒடனே ஏத்தல. ரோட்டோரம் மண்ணுல பக்கெட்ட சாய்ச்சி, பல்லு மேல பாக்குறாப்புல வச்சிட்டு, இஞ்சின அணைச்சிட்டு எறங்குனான். சம்மட்டிய எடுத்தான்.

ட்ரைலர்காரரு, நல்ல வளத்தியான வெள்ளக்காரரு, கடிகாரத்தக் காட்டி என்னமோ சொன்னாரு. எறக்குற எடத்துல மாத்திக்கலாமேன்னு கேக்குறாருன்னு மதி சொல்லிச்சு.

"வேல கேட்டு போற எடத்துல மொதல்ல பக்கெட்டதான் பாப்பாங்க"ன்னான் ஏழுமல, தமிழ்லயே. அந்தாளுக்கு அது புரியல. ஆனா கடிகாரத்தக் காட்டுறத வுட்டுட்டாரு.

கேட்டுக்கு வெளில ரோடு கவர்மெண்டுது. ஹெல்மெட்டு கேக்க ஆளில்ல. நான் ரப்பர் செருப்போட கிட்ட போயி நின்னேன். பழைய பின்னு ஒவ்வொண்ணா தட்டி வெளில எடுத்தான். ரெண்டு ஒடனே வந்துச்சு. ஒண்ணு மாட்டிக்கினு சண்ட போட்டுச்சு. தேஞ்ச பல்ல கழட்டுனப்ப உள்ள மூக்கப் பாத்தேன். ஒண்ணும் ஆவல. மூக்கு மூக்காதான் இருந்துச்சு. அத சொன்னேன். "ம்"னான். அந்த ம் எனக்குப் போதும்.

பாதில கேட்டு தெறந்து ஜோஜோ வந்தாரு. சாப்பாட்டு நேரம் போல. கையில டிபன் டப்பா. அத மிசினு செயின் மேல வச்சிட்டு, புதுப் பல்ல தூக்கி மூக்கு மேல வச்சிப் புடிச்சிக்கினாரு. குங்குமம் அவரு கையெல்லாம் ஆயிடுச்சு. ஏழுமல சம்மட்டி ஓங்குறப்ப அவரு கைய எடுக்கல, அசையவும் இல்ல. நான் பின்ன எடுத்துக் குடுத்தேன். மதி லாக்க எடுத்துக் குடுத்துச்சு. அடிச்சான். உக்காந்துச்சு. அடுத்தது. ஓரத்துலயிருந்து ஓரம் வரைக்கும், ஒண்ணு வுடாம.

முடிஞ்சதும் ஜோஜோ கைய பேண்டுல தொடச்சிக்கினு, ஏழுமல தோள்ல ஒரு அடி வச்சாரு, வலிக்கிற மாதிரி. அப்பால என்னைப் பாத்து என்னமோ கேட்டாரு. நான் "ஐ மதர்"னேன். சிரிச்சிட்டு, டிபன் டப்பாவ என் கையிலயே குடுத்துட்டுப் போயிட்டாரு. தொறந்து பாக்காமயே கருவாடுன்னு தெரிஞ்சிது.

மிசினு ட்ரைலர்ல ஏறுச்சு. சங்கிலி போட்டு இறுக்குனாங்க. ட்ரைலர்காரரு கதவத் தொறந்துக்கினு, எங்க எறக்கணும்னு கேட்டாரு. ஏழுமல காலைலயிருந்து போன் அடிச்சிக்கினேதான் இருந்தான். பாக்கலாம்னு சொன்னவங்க உண்டு, வான்னு சொன்னவங்க இல்ல. வடக்கால ரோடு போடுற எடம் ஒண்ணு, அங்க கேட்டுப் பாருன்னு ஒருத்தரு சொல்லிருந்தாரு. அவ்ளோதான் கையில இருந்துச்சு.

"வடக்க"ன்னான்.

வடக்க எங்கன்னு அந்தாளு கேட்டாரு. முன்னால நான் போறேன், பின்னால வான்னு ஏழுமல கையக் காட்டுனான்.

நான் வேன்ல முன் சீட்டுல ஏறி பெல்ட்ட இழுத்து மாட்டிக்கினேன். வூட்டுல எறக்கி வுட்டுட்டுப் போறேம்மா, ரொம்ப தூரம்னு சொன்னான். மதி பின்னால கதவ சாத்துற சத்தம் கேட்டுச்சு.

"யார்ரா எறங்கப் போறது?"ன்னேன். "வண்டிய எடு."